இரண்டு சாவியும் கையில், காரைக் காணோம்

இதைப் படிக்கிறவர்களில் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எழுந்துபோய், அந்த இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அவசரமே இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு எதிராளியின் முழியைப் பார்த்துக்கொண்டே முழு உத்தியோகத்தையும் கழித்தவள் நான். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பதில் எனக்கொன்றும் குறைந்துவிடாது.

பம்பாயில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கார் திருட்டு க்ளெய்ம்களைப் பார்க்கும் பிரிவிலிருந்து ரிடையர் ஆனேன். போன மாதம், இப்போது என் நாற்காலியில் இருக்கும் பெண் ஃபோன் செய்தாள். அவளும் என்னைப் போல மாட்டுங்காத் தமிழ்க்காரிதான். "மேடம், பார்ட்டி ரெண்டு சாவியும் குடுத்துட்டார். சாவின்னா சாவி இல்லை, பட்டன். சிசிடிவில ரெண்டு பேர் பெட்டி மாதிரி ஏதோ வெச்சுண்டு நிக்கறா, கார் தானாத் திறந்துக்கறது, ஓட்டிண்டு போயிடறா. நான் என்னன்னு எழுதறது?" என்று புலம்பினாள். வீட்டுக்குள் மேஜைமேல் கிடக்கிற சாவியின் சிக்னலை வாசலில் நின்றே பிடித்துவிடுகிறார்களாம். கேட்டுக்கொண்டேன். கடைசியில் அவள் பெருமூச்சு விட்டுச் சொன்னாள்: "உங்க காலம் நிம்மதி மேடம். ஒரு காருக்கு ஒரு சாவி. வேற எதுக்கும் போகாது."

எனக்குச் சுருக்கென்று வந்தது. நிம்மதியாம். அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சேர்ந்தது டைப்பிஸ்டாக. பிறகு தீ விபத்துப் பிரிவு, பிறகு கப்பல் சரக்கு, பிறகு பரீட்சை எழுதி ஆபீஸர். திருட்டுப் பிரிவுக்கு யாருமே போக மாட்டார்கள். அங்கே வருகிறவன் அழுதுகொண்டோ கத்திக்கொண்டோதான் வருவான். "ரெண்டு குழந்தையை வளத்தவ, இவ சமாளிப்பா" என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். அவ்வளவுதான் என் பயிற்சி.

அங்கே விதி ஒன்றுதான். கார் வாங்கும்போது கார்க் கம்பெனி இரண்டு சாவி தரும். கார் திருட்டுப் போனால் அந்த இரண்டையும் எங்களிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தச் சாவியால்தான் கார் போனது என்று நாங்கள் நினைப்போம். இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது? ஆனால் படித்தவர்கள், பேங்கில் பெரிய வேலையில் இருப்பவர்கள் எல்லாம் என் எதிரில் வந்து உட்கார்ந்து, ஒரே ஒரு சாவியைப் பெருமையாக மேஜைமேல் வைப்பார்கள். இன்னொன்று? பாலக்காட்டில் மாமனார் வீட்டு அலமாரியில். பையன் விளையாடித் தொலைத்தான். சயானில் ஒரு டாக்டர், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "பத்திரமா இருக்கட்டும்னு கார் டேஷ்போர்டுக்குள்ளயே வெச்சிருந்தேன்" என்றார். காருக்குள்ளேயே காரின் சாவி! அவரைத் திட்டவும் முடியாது. உடம்பு சரியில்லாதபோது நாளைக்கு அவரிடமே போய் நிற்க வேண்டியிருக்கும்.

எங்கள் மேனேஜர் கோகலே. தாதர்க்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை; உயர்த்தியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம். பார்ட்டி கொடுத்த சாவிகளை வாங்கியதும் மேஜைக் கண்ணாடிமேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரிப்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், பல் ஒரே பக்கம் பார்க்கும்படி வைப்பார். பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். தினம் ஓட்டும் சாவியின் பல் மழுங்கியிருக்கும், வீட்டில் தூங்கிய சாவி கூர்மையாக இருக்கும். இரண்டுமே கூர்மையாக இருந்தால் ஒன்று தெருவோரச் சாவிக்காரனிடம் வெட்டியது. நகத்தால் பல்லின் இடுக்கைச் சுரண்டிப் பார்ப்பார். பட்டாணி உரிக்கிறவரைப் போல அத்தனை நிதானம். எதிரே இருப்பவனுக்கு அதற்குள் பாதி உயிர் போய்விடும்.

எல்லாம் முடிந்தபின் சாவிகளைக் கவரில் போட்டு, அரக்கு வைத்து, முத்திரை குத்தி, தன் அலமாரியில் பூட்டுவார். "ஆத்மி ஜூட் போல்தா ஹை, சாபி நஹீ" என்பார். மனுஷன் பொய் சொல்வான், சாவி சொல்லாது. மராத்தி, இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் எனக்கு இதைச் சொல்லியிருக்கிறார். தமிழில் சொல்லத் தெரியாததால் பிழைத்தேன்.

இனி நான் சொல்ல வந்த கேஸ். காரின் சாவிக்குள் சிப் வைக்கும் வழக்கம் எல்லா வண்டிக்கும் வந்திராத சமயம்.

திலக் நகரில் குடியிருந்தவர் பொன்னுசாமி அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை. அவருடைய வெள்ளைக் கார் பட்டப்பகலில், அவர் குடியிருந்த கட்டடத்து காம்பவுண்டுக்குள்ளிருந்தே காணாமல் போயிற்று. இரண்டு சாவியையும் ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தார். கோகலே வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்று மழுங்கல், ஒன்று கூர்மை, இரண்டும் அசல். காம்பவுண்டில் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றுகூட இல்லை. ஆகவே மூன்றாவது சாவி ஒன்று இருந்தாக வேண்டும். அதைச் செய்திருக்கக்கூடியவன் யார்? தினமும் சாவியைக் கையில் வைத்திருந்தவன். டிரைவர் இசக்கி.

இசக்கிக்கு அப்போது முப்பது வயது இருக்கும். அண்ணாச்சி ஊருக்குப் பக்கத்து ஊர். தாராவியில் பெண்டாட்டி பிள்ளையோடு ஒரே அறையில் குடித்தனம். அண்ணாச்சியிடம் ஓட்டுவதற்கு முன்னால் அவர் கடையிலேயே மூட்டை தூக்கியவன். போலீஸ்காரர்கள் அவனைத் தினமும் காலையில் வரச் சொல்லி, ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்து, இருட்டினபிறகு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அடித்தார்களா என்று நான் கேட்டதற்கு, அவன் கார் போன அன்றைய கதையைத்தான் சொன்னான்.

"சாவிய வாச்மேன் போர்டுல மாட்டிட்டு சாப்பிடப் போனேன் மேடம். வந்து பாக்கேன், சாவி தொங்குது, வண்டியக் காணோம். இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?" என்றான்.

கோகலேக்கு இது போதவில்லை. டிரைவர் மேல்தான் சந்தேகம் என்று அண்ணாச்சி போலீஸில் எழுதிக் கொடுத்தால்தான் க்ளெய்ம் மேலே நகரும் என்று சொல்லிவிட்டார். எழுதிக் கொடுத்த அன்றே இசக்கியை உள்ளே வைப்பார்கள். வெளியே வந்தாலும் தாராவியிலிருந்து செம்பூர் வரைக்கும் எந்தத் தமிழனும் அவனிடம் வண்டி கொடுக்க மாட்டான்.

அண்ணாச்சி என் எதிரில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "அவன் அப்படிப்பட்ட பய இல்ல மேடம். அவங்க அப்பனையே எனக்குத் தெரியும்லா. ஆனா கார் காத்துலயா போச்சு? நீங்களே சொல்லுங்க."

"அவன் செய்யலைன்னு நெனச்சா எழுதிக் குடுக்காதீங்கோ" என்றேன்.

"நீங்க சொல்லிருவிய. நாலு பேரு கேக்காவ, போலீஸ் கேக்காவ, உங்க பெரிய சாரும் அதத்தான் சொல்லுதாவ. எல்லாரும் தப்பாவா சொல்லுவாவ? நாளைக்குக் காலைல எழுதிக் குடுத்திருதேன்."

நல்ல மனுஷர்தான். ஆனால் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் தானும் சாய்ந்துவிடுகிற நல்ல மனுஷர். இப்படிப்பட்டவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கெட்டவன் என்றால் சண்டையாவது போடலாம்.

இடத்தை நேரில் பார்த்து நான் ரிப்போர்ட் எழுத வேண்டியது பாக்கி இருந்தது. அந்தப் பிற்பகலே போகிறேன் என்று சொன்னேன். சாவிக் கவரையும் கொடுங்கள் என்றேன். கோகலே அதை என் கையில் கொடுத்து, "சீல் பத்திரம்" என்றார். நான் பத்திரமாகப் போய்வர வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பம்பாய்க் கட்டடங்களில் கார் நிறுத்தும் லட்சணத்தை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாலு ஸ்கூட்டர் நிற்கட்டும் என்று விட்ட இடத்தில் முப்பது கார் நிற்கும். ஒன்றை வெளியே எடுக்க மூன்றை நகர்த்த வேண்டும். அதனால் எல்லோரும் சாவியை வாச்மேனிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் ஒரு பலகையில் ஆணி அடித்து வரிசையாக மாட்டி வைப்பார். நாள் முழுக்க இந்தக் காரை அங்கே, அந்தக் காரை இங்கே என்று நகர்த்திக்கொண்டே இருப்பார். காலையில் ஏ-விங் வாசலில் விட்ட கார் மத்தியானம் பி-விங் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிற்கும். விட்ட இடத்தில் கார் இல்லையே என்று யாரும் பதறுவதில்லை. கொஞ்சம் சுற்றிப் பார்த்துத் தன் காரைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். ஊரில் மாடு மேய்க்கிறவன்கூட இதைவிட ஒழுங்காகப் பார்த்துக்கொள்வான்.

வாச்மேன் கிரிதாரி உத்தரப் பிரதேசத்துக்காரர். சாவிப் பலகை, ஆணி, கேட் எல்லாவற்றையும் காட்டினார். கார் போன சமயத்தில் தண்ணீர் லாரி வந்ததால் பின்பக்கம் குழாய் போட்டுக்கொண்டிருந்தாராம். அவரவர் வந்து அவரவர் சாவியை எடுத்துப் போவது வழக்கம்தானாம். அண்ணாச்சியும் கூட வந்து நின்றார். இசக்கியையும் ஸ்டேஷனிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அவன் கேட்டருகே, எங்களோடு சேராமல் நின்றான்.

நான் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போது கிரிதாரி தன் பாட்டுக்குப் புலம்ப ஆரம்பித்தார். இருக்கிற தொல்லை போதாதென்று இந்த விருந்தாளிகள் வேறு, மேடம். அதோ பாருங்கள், 302-க்கு வந்த விருந்தாளியின் காரைத் தொட்டியருகே நகர்த்தி வைத்தேன், அவர் காரை இங்கேயே விட்டுவிட்டுப் பலகையிலிருந்த சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நகர்த்தவும் முடியவில்லை, எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள் என்றார்.

பார்த்தேன். வெள்ளைக் கார். அண்ணாச்சியுடையது என்ன மாடலோ அதே மாடல். மேலே பத்து நாள் தூசு.

"எப்பலேந்து நிக்கறது?" என்று இந்தியில் கேட்டேன்.

கிரிதாரி யோசித்தார். அண்ணாச்சியின் கார் போன அன்றிலிருந்துதான்.

எனக்கு முழங்கால் வலி. ஆனாலும் லிஃப்டுக்குக் காத்திராமல் மூன்று மாடி ஏறினேன். 302-இல் ஒரு தமிழ் அம்மாள் கதவைத் திறந்தாள். கார் போன அன்றைக்கு அவர்கள் வீட்டில் பெண்ணுக்குச் சீமந்தம். வாஷியிலிருந்து அவளுடைய மாமா காரில் வந்திருந்தார். "மாமா அன்னிக்கே சாப்பிட்டுட்டுக் கார்லயே கிளம்பிட்டாரே. இங்க எப்படி அவர் கார் இருக்கும்?" என்றாள்.

நான் கீழே வந்து சேர்வதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தபோது சந்தோஷம் வரவில்லை. இத்தனை பேர், போலீஸ் உள்பட, பத்து நாளாக அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார்களே என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. நம்பர் பிளேட்டைப் பார்த்து, இது அண்ணாச்சியுடையது இல்லை என்று தாண்டிப் போயிருக்கிறார்கள். அப்படியானால் இது யாருடையது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பையிலிருந்து கவரை எடுத்தேன். கோகலேயின் அரக்கு சிவப்பாக முறைத்தது. பிரித்தேன். மழுங்கிய சாவியை அண்ணாச்சியிடம் கொடுத்து, அந்தக் கார்க் கதவில் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"இது என் கார் இல்லியே மேடம்."

"தெரியும். போடுங்கோ."

போட்டார். முதலில் கொஞ்சம் இழுத்தது. பிறகு திரும்பியது. கதவு திறந்தது. உள்ளே உட்கார்ந்து இன்னொரு தடவை திருப்பினார். இருமிவிட்டு என்ஜின் ஓடியது.

ஒவ்வொரு காருக்கும் கம்பெனிக்காரன் தனித் தனியாகச் சாவி வெட்டுகிறான் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். பல் வெட்டுகிற வகை கொஞ்சம்தான், காரோ ஏராளம். சுற்றி வந்து அதே வெட்டு இன்னொரு காருக்கும் வரும். அல்லது கிட்டத்தட்ட ஒன்றுபோல் வரும். சாவியும் பூட்டும் வருஷக்கணக்கில் தேய்ந்தால் அந்தக் 'கிட்டத்தட்ட'வும் போய்விடும்.

அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். டேஷ்போர்டில் சின்ன முருகன் சிலை, கண்ணாடியில் விபூதிப் பொட்டலம். "என் வண்டிலயும் இதே முருகன்தான் மேடம்" என்றார்.

302-இலிருந்தே வாஷிக்கு ஃபோன் போட்டோம். மாமா முந்தின நாள்தான் திருச்செந்தூர் போய்விட்டு ரயிலில் திரும்பியிருந்தார். நம்பரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு வந்தது பாருங்கள் பேச்சு.

"பலகைலேந்து சாவியை எடுத்துண்டு வந்தா, நான் விட்ட எடத்துல கார் இல்லைம்மா. வாச்மேன் நகத்தியிருப்பான்னு வெள்ளைக் காராத் தேடினேன். சாவி போட்டேன், திறந்தது. உள்ள முருகன் இருக்கான். வேற என்ன பாக்கணும்? வழில ஏசி நன்னா வேலை செஞ்சது. நம்முது செய்யாதே, சரி, முருகன் கிருபைன்னு நெனச்சுண்டேன்."

"சீட்டு, துணி எதுவுமே வித்தியாசமாத் தெரியலையா?"

"முதுகுக்கு வெச்சுக்கற குஷன் இல்லை. ஆத்துக்காரி கேட்டா. வாச்மேன் எடுத்துண்டிருப்பான், ஏழை, போறான்னு சொன்னேன்."

நான் ரிசீவரைக் கொஞ்ச நேரம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். இவர் மத்திய சர்க்கார் ஆபீஸில் ஆடிட்டராக இருந்து ரிடையர் ஆனவர் என்று அந்த அம்மாள் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

அடுத்து கோகலேக்கு ஃபோன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். "சீலை யார் பிரித்தது?" என்றார்.

"நான்தான்."

"தோனோ காடி?" என்றார், சின்னக் குரலில்.

"ஆமாம் சார். ஒரே சாவிக்கு ரெண்டு காரும்."

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் மனுஷர் கீழே போய், ஆபீஸ் வாசலில் நின்ற, தன் கார் மாடலிலேயே இருந்த ஒவ்வொரு காரிலும் தன் சாவியைப் போட்டுப் பார்த்திருக்கிறார். பக்கத்துக் கட்டடத்து செக்யூரிட்டி பிடித்து நிறுத்திவிட்டான். நான் போய்த்தான் அவர் எங்கள் மேனேஜர் என்று சொல்லி மீட்டுக்கொண்டு வந்தேன். எந்தக் காராவது திறந்ததா என்று நான் கேட்கவில்லை. ஆனால் சாவி பொய் சொல்லாது என்கிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

அதே மறுநாள் சாயங்காலம் வாஷி மாமா அண்ணாச்சியின் காரை ஓட்டிக்கொண்டு திலக் நகருக்கு வந்தார். ரிப்போர்ட் எழுத நானும் போயிருந்தேன். நம்பரைச் சரிபார்க்க ஒரு கான்ஸ்டபிள் வந்திருந்தார். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாமா இறங்கி எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். அண்ணாச்சியும் கும்பிட்டார். 302 அம்மாள் காப்பி கொண்டு வந்தாள். சீமந்த வீட்டு மிச்சம் போல ஒரே கலகலப்பு. கார் கேட்டை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. இசக்கியும் வந்து, முந்தின நாள் போலவே உள்பக்கம் ஒதுங்கி நின்றான்.

அண்ணாச்சி மாமாவிடமிருந்து சாவியை வாங்கி, தன் வண்டியிலேயே ஒரு தடவை போட்டுப் பார்த்துச் சிரித்தார். எங்களிடமிருந்து திரும்ப வாங்கிய தன் சொந்தச் சாவியை இசக்கி பக்கம் நீட்டினார். "ஏல இசக்கி, இந்தா. வண்டிய உள்ள போடு."

ஒன்றுமே நடக்காத மாதிரி. நேற்று நீட்டிய கையை இன்றைக்கும் நீட்டுகிற மாதிரி.

இசக்கி வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"வண்டி கெடச்சிட்டு அண்ணாச்சி. சரி. கெடைக்காமப் போயிருந்தா?"

"அதான் கெடச்சிட்டுல்லா. பொறவு என்னல?"

"இன்னைக்குக் காலைல எம் பேர எழுதிக் குடுக்கதா இருந்தியளாமே. ஸ்டேஷன்ல சொன்னாவ."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? இசக்கியும் என் பக்கம் திரும்பினான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"மேடம், நீங்க சொல்லுங்க. இந்த ஐயா தெரியாம எடுத்துட்டுப் போனதால நான் தப்பிச்சேன். நெசமாவே ஒரு களவாணி வந்து எடுத்துட்டுப் போயிருந்தாம்னா, நான்தான களவாணி?"

ஆமாம் என்பதுதான் பதில். எங்கள் விதிப்படி, போலீஸ் கணக்குப்படி, நாலு பேர் பேச்சுப்படி, ஆமாம். திருடன் வந்திருந்தால் திருடாதவன் உள்ளே போயிருப்பான். இதை அவன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? காப்பி டம்ளரை 302 அம்மாளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

இசக்கி பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தான். பிறகு, "வாரேன் மேடம்" என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டு, காருக்கும் கேட்டுக்கும் நடுவே இருந்த சந்தில் உடம்பைத் திருப்பி நுழைந்து வெளியே போனான். அண்ணாச்சி சாவியை நீட்டியபடியே நின்றார். உள்ளே வர முடியாமல் தெருவில் யாரோ ஹார்ன் அடிக்க ஆரம்பித்தார்கள். கிரிதாரி வந்து அண்ணாச்சியின் விரல்களிலிருந்து சாவியை எடுத்து, காரை உள்ளே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, சாவியைக் கொண்டுபோய்ப் பலகையில் மாட்டினார்.